தண்ணீரில் வைத்த கயிறு

பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறியபோது மூன்று மாதத்துக்குப் போதுமான துணிகளைத்தான் எடுத்துவைத்தேன். 1954ஆம் வருடம், கோடைக்காலம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டாள். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சாய்கோனில் இருந்தான். நான்தான் வர வேண்டியிருந்தது.

பாரீசில் தொல்லியல் படித்துமுடித்து, யூப்ரடீஸ் நதிக்கரையில் ஒரு மண்மேட்டை அகழ்கிற குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். நாலாயிரம் வருடத்து ஊர் அது. ஒருவர் வீட்டின் தரைமேல் இன்னொருவர் சுவர் எழுப்பி, அது இடிந்ததும் அதன்மேல் வேறொருவர் அடுப்பு மூட்டி, அப்படியே மலைபோல் வளர்ந்த ஊர். வெயில் காலத்தில் வேலை நிற்கும், குளிர் தொடங்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். அதற்குள் வந்துவிடுவேன், எனக்கு ஒதுக்கிய குழியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

எங்களுடையது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா ஆறடி உயரம். நான் வந்து பார்த்தபோது கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவே இல்லை.

பேச்சு சில மாதங்களில் திரும்பியது. கையும் காலும் திரும்பவில்லை. அவருக்குச் சோறூட்ட, முகம் மழிக்க, படுக்கை மாற்ற வேறு யாரையும் விடமாட்டார். வேலைக்கு ஆள் வைத்தால் இரண்டாம் நாளே திட்டித் துரத்திவிடுவார். கட்டிலோரம் ஒரு கைத்தடி இருந்தது. நான் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் போனால் அதை எடுத்துச் சுவரில் தட்டுவார். போய் நின்றால் ஒன்றும் கேட்கமாட்டார். "இல்ல, சும்மாதான்" என்பார். சமையலறையில், கிணற்றடியில், குளியலறையில் எங்கே இருந்தாலும் அந்தத் தட்டலுக்காகக் காது காத்திருக்கும்.

அந்த நவம்பரில் கவர்னர் மாளிகையில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. ஊரே தெருவில் இருந்தது. அப்பா சன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு இருட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பட்டாசு வெடித்தது. யூப்ரடீஸ் கரையில் வேலை ஆரம்பித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. பேராசிரியர் எழுதுவது முதலில் குறைந்து, பிறகு நின்றது. என் குழியை யாருக்குக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

நான் என்ன படித்தேன் என்பது அப்பாவுக்குப் புரிந்ததே கிடையாது. "சட்டி பானை பொறுக்கறதுக்கு பாரீசு வரைக்கும் போவணுமா?" என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்பார். கேலியாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக.

ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில், அரிக்கமேடு இருந்தது. ரோமாபுரியிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகள் அங்கே மண்ணில் கிடைக்கும் என்பது அப்போதே உலகத்துக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு அங்கே அகழ்ந்தவர்கள் எடுத்ததில் ஒரு பகுதி நகரத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அவற்றைக் கழுவிப் பிரித்து எண் போட ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மத்தியானம் வந்து அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பலாம். தற்காலிக வேலை என்று சேர்ந்தேன்.

கிடங்குக்கு ஒரே ஒரு சன்னல், அதுவும் தலைக்கு மேலே. உப்புக்காற்றில் இரும்புக் கதவு துருப்பிடித்து உள்ளிருந்து திறக்க வராது. காலையில் காவலர் என்னை உள்ளே விட்டுச் சாத்துவார், மத்தியானம் வந்து திறப்பார். கால் வைக்கிற இடமெல்லாம் பானை ஓடுகள். கறுப்பு ஓடு, சிவப்பு ஓடு, உள்ளே வட்ட வட்டமாகப் பல் பல்லாகக் குறி பதித்த சாம்பல் நிறத் தட்டின் துண்டு. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவை மற்றவர்கள் தோண்டியவை. எந்த ஓடு எந்த மண்ணில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று என் கண்ணால் பார்க்கவில்லை. மண்ணோடு சேர்ந்து கிடக்கிற ஓடுதான் பேசும். மூட்டைக்குள் வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயிலில் பூசை முடிந்து, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, சைக்கிளில் அரிக்கமேட்டுக்குப் போய்வருவேன். அங்கே மாந்தோப்புக்குள் ஆடு மேய்க்கிற ஒரு அம்மாள் எனக்குப் பழக்கமானாள். புருஷன் இல்லை. தோப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு குடிசையில் தனியாக இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். பாசிமணி கிடைத்தால் எனக்காக முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறு அந்த மேட்டைத் தின்றுகொண்டிருந்தது. போன வருடம் நான் நின்ற இடம் இந்த வருடம் தண்ணீருக்குள் இருக்கும். கரை செங்குத்தாக அறுந்து, இரண்டாயிரம் வருடத்துச் செங்கல் பல்வரிசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் போனால் அந்த வரிசை இருக்காது.

கிடங்குக்குப் பொறுப்பாக சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். நான் எழுதிக்கொடுத்ததையெல்லாம் வாங்கிவைத்துக்கொண்டார்.

"பிரெஞ்சுக்காரங்க ஊரைக் குடுத்துட்டாங்க, ஆனா சட்டப்படி இன்னும் குடுக்கலம்மா. ஒப்பந்தத்துல கையெழுத்து ஆயிடுச்சு. அவங்க பாராளுமன்றம் ஒத்துக்கணும். அதுவரைக்கும் அந்த மண்ணுல கடப்பாரை போட நானும் உத்தரவு தர முடியாது, அவங்களும் தர முடியாது."

"ஆறு அதுவரைக்கும் காத்திருக்காதே, சார்."

"அது எனக்கும் தெரியுது" என்றார்.

வருடங்கள் போயின. ஊர் யாருடையது என்று தீரவில்லை, மண் யாருடையது என்று தீரவில்லை. அப்பாவின் கட்டில் சுவரில் தடி பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. எனக்கு முப்பது வயது தாண்டியது. அண்ணன் சாய்கோனிலிருந்து அல்ஜீரியாவுக்குப் போனான், அங்கே ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். சில நாள் கடற்கரைக்குப் போய் நிற்பேன். கப்பல் நங்கூரம் போட்டிருந்தால் பார்க்காமல் திரும்பிவிடுவேன்.

ஒரு கார்த்திகையில் பெரிய புயல் அடித்தது. தெருவில் மரங்கள் விழுந்தன. மூன்றாம் நாள் காற்று அடங்கியதும் ஆட்டுக்கார அம்மாள் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். கரை பெரிய துண்டாக இடிந்துபோய், உள்ளே ஒரு கிணறு பாதியாகப் பிளந்து நிற்கிறது என்றாள். சட்டி மேல் சட்டி வைத்தாற்போல் இருக்கிறது என்றாள்.

உறைகிணறு என்று உடனே தெரிந்துவிட்டது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டுவது. அதன் அடியில் எப்போதும் ஈரம் இருக்கும். ஈரத்தில் காற்றுப் புகாது. எனவே மற்ற இடங்களில் மக்கிப்போகிற மரமும் நாரும் அங்கே தங்கியிருக்கக்கூடும். அடுத்த பெருமழையில் அது ஆற்றுக்குள் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் இறங்கி ஆறு வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். உத்தரவு கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரிந்தபிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆற்றுப் பக்கமிருந்து, கிணற்றின் பிளந்த வயிற்றுக்குள் முழங்கால் மடித்து உட்கார்ந்துகொண்டு, சின்னக் கரண்டியால் கறுப்புச் சேற்றை எடுக்க ஆரம்பித்தேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு என் கை நிஜமான மண்ணுக்குள் போனது. ஒரு குடத்தின் கழுத்து வந்தது. அதன்கீழே ஒரு பலகைத் துண்டு. பலகைக்குக் கீழே விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. சேற்றை வழித்துவிட்டுப் பார்த்தேன். கயிறு. ஒரு முழம் இருக்கும். மூன்று புரியாக முறுக்கிய நார்க்கயிறு, ஒரு முனையில் முடிச்சோடு. யாரோ ஒரு பெண் தண்ணீர் சேந்தும்போது அறுந்து விழுந்திருக்க வேண்டும். குடமும் போய், கயிறும் போய், வெறுங்கையோடு அவள் குனிந்து எட்டிப் பார்த்திருப்பாள். சேற்றோடு சேர்த்து அதைத் தூக்கி ஈரத்துணியில் வைத்தேன்.

அப்போதுதான் மேலே இருந்த கரை சரிந்து முதுகில் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை, மூட்டை இறக்கியதுபோல் ஒரு சத்தம்தான். நெஞ்சு கிணற்று வளையத்தில் மோதியது. கண் திறந்தபோது இடுப்புக்குமேல் வரை மண் இருந்தது. இடது காலில் வலி இல்லை, அது இருப்பதே தெரியவில்லை. துணியில் வைத்த கயிறு மட்டும் எப்படியோ என் வலது கையில் மேலே இருந்தது.

ஆட்டுக்கார அம்மாள் வழுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தாள். கையால் மண்ணை வாரத் தொடங்கியவள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். தலைக்கு மேல் இன்னொரு துண்டு விரிசல் விட்டு நின்றது.

"அசையாம இருங்கம்மா. அசைஞ்சீங்கன்னா மேல இருக்கறதும் வந்துடும்."

"இத முதல்ல தண்ணியில போடு" என்று துணியை நீட்டினேன். "காஞ்சா தூளாயிடும்."

"உசுரு போவற நேரத்துல கயிறு கேக்குதா உங்களுக்கு?" என்றாள். ஆனாலும் வாங்கி, அவள் கொண்டுவந்திருந்த சோற்றுச் சட்டியில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு அதற்குள் வைத்தாள். பிறகு ஆள் கூப்பிட ஓடினாள்.

தனியாக இருந்தேன். கடல் ஏறத் தொடங்கியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் எதிர்த்திசையில் நகர்ந்து மெதுவாக என்னிடம் வந்தது. முதலில் மண்ணை நனைத்தது, பிறகு இடுப்பைச் சுற்றியது. நனைந்த மண் இன்னும் இறுகியது. கத்தினால் மேலே இருக்கிற கரை விழுந்துவிடுமோ என்று கத்தவில்லை. என் முகத்துக்கு நேரே சுட்ட மண் வளையம். அதில் ஒரு குயவனின் விரல் தடம் நீளமாகப் பதிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பாவுக்குக் காபி நேரம் ஆகிவிட்டது, தட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்பதற்கு ஆள் இல்லாமல் தட்டுவது எப்படி இருக்கும் என்று அதற்குமுன் நான் யோசித்ததில்லை.

நண்டு பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் தோணியில் வந்தார்கள். தென்னை மட்டையும் பலகையும் கொண்டு கரைக்கு முட்டுக் கொடுத்து, சுற்றிலும் மண்ணை வாரி, அக்குளில் கயிறு போட்டு இழுத்தார்கள். தண்ணீர் மார்பு வரை வந்திருந்தது. தோணியில் கிடந்தபோதுதான் கால் வலித்தது. அப்போது வலித்தது ஆறுதலாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். போகும்போது வெளியே போட்டிருந்த தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. மெதுவாகத் தள்ளிப் பார்த்தால், அப்பா. கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு கையாலும் ஒரு காலாலும் கூடம் முழுக்கத் தவழ்ந்து, வாசற்கதவில் தலையை முட்டுக்கொடுத்துக் கிடந்தார். முழங்கை தோல் உரிந்திருந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், அவரால் திறக்க முடியாது. என்னைப் பார்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

உத்தரவில்லாமல் தோண்டியதற்காக வேலை போயிற்று. அதிகாரி நேரில் வந்து சொன்னார். வேறு வழியில்லை என்று இரண்டு முறை சொன்னார். கயிறு எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கிடங்கில் வைத்தால் ஒரே வாரத்தில் காய்ந்து உதிர்ந்துபோயிருக்கும்.

அதன்பிறகு வீட்டில் இரண்டு கட்டில். அப்பாவுக்குப் பக்கத்தில் என்னுடையது. என் கால் சரியாகச் சேரவில்லை, மறுபடி உடைத்துக் கட்டினார்கள். ஆட்டுக்கார அம்மாள் ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவால் அவளைத் துரத்த முடியவில்லை. அவர் பிரெஞ்சில் திட்டினால் அவள், "பெரியவரே, புரியிற மாதிரி திட்டுங்க" என்பாள்.

எனாமல் பேசினில் தண்ணீர் விட்டு, கெட்டுப்போகாமலிருக்க மருந்துக்கடையில் வாங்கிய ஃபார்மலின் சில சொட்டு சேர்த்து, கயிற்றை அதில் வைத்திருந்தோம். வெயில் படாத இடம் அப்பாவின் கட்டிலுக்கு அடியில்தான். நெடி அடிக்கிறது என்று முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தார். அப்புறம் ஒருநாள், "அத எடு, பாக்கறேன்" என்றார். அவள் பேசினைத் தூக்கிக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார். "முடிச்சு நல்லாப் போட்டிருக்கான்" என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் குறைந்தால் முதலில் சொல்வது அவர்தான்.

ஒரு மத்தியானம், இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, மண்ணுக்குள் இருந்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்டார். நீங்கள் தட்டுவதை நினைத்தேன் என்று சொன்னேன். அவர் அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். உலகச் சண்டையின் கடைசி வருடத்தில் ஜப்பான்காரர்கள் அவரைச் சாய்கோனில் ஒரு கொட்டடியில் போட்டார்களாம். நிற்கலாம், படுக்க முடியாது. கதவு எப்போதாவதுதான் திறக்கும்.

"நான் ஏன் தட்டறேன்னு நீ கேட்டதேயில்ல."

"கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்."

"கூப்பிடல. கதவத் தொறக்க ஆள் இருக்குதான்னு பாக்கறேன். நீ வந்து நின்னா போதும். அப்புறம் தூங்கிடுவேன்."

ஐந்து வருடம் அந்தத் தடியை எவ்வளவு வெறுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் கை நீட்டினால் அவர் கட்டில் எட்டும். நீட்டினேன். வலது கையைத்தான் பிடித்தேன், அதில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் ஆட்டுக்கார அம்மாளிடம் சொல்லி வாசற்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். தெருக்கதவை இரவில் மட்டும் சாத்துவது, அதுவும் ஒருக்களித்து என்று ஆயிற்று. தட்டுவது அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. நான் விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தேன், கடைத்தெரு வரை போய்வந்தேன். ஆனாலும் அதன்பின் இரண்டரை வருடம் அந்த இரண்டு கட்டிலுக்கும் அந்தப் பேசினுக்கும் நடுவில்தான் போனது. அடுத்த மழையிலேயே உறைகிணறு ஆற்றோடு போய்விட்டது என்று தெரிந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

1962இல் ஒருவழியாக ஊர் சட்டப்படியும் கைமாறியது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். தெருவில் வேறு பேச்சே இல்லை. அப்பா இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் ஒரு தாள் வந்தது. அண்ணன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டிருந்தான், நீயும் அப்பாவோடு வந்துவிடு என்று எழுதினான். எட்டு வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்தது அதற்குத்தான். ஆனால் அங்கே எனக்காக யாரும் எந்தக் குழியையும் வைத்திருக்கவில்லை என்பதும் தெரியும். ஆறு வருடம் பூட்டியிருந்த மண் இங்கே இப்போது திறந்திருக்கிறது. நான் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதாவிட்டால் இந்தியக் குடிமகள்.

அப்பாவிடம் சொன்னேன். "ஒரே வூட்டுல ரெண்டு ராஜ்யமா?" என்றார். கோபம் இல்லை. பென்ஷனும் பட்டாளத்துச் சட்டையும் பிரான்ஸ் கொடுத்தவை, தன்னால் இனிக் கப்பலேற முடியாது, இங்கேயே பிரெஞ்சுக்காரனாகச் செத்துப்போவதாகச் சொன்னார்.

புதிதாக வந்த அதிகாரியின் சீட்டோடு, கயிற்றை மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்து, சென்னையில் பழம்பொருள்களைப் பதப்படுத்துகிற ரசாயனக் கூடத்துக்கு எடுத்துப்போனேன். ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன். அங்கிருந்த ரசாயன நிபுணர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டரை வருடம் வீட்டில் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் மெழுகேற்றிக் காயவைத்தார். கயிறு உதிரவில்லை. குஜராத்தில் சிந்துவெளிக் காலத்து ஊர் ஒன்றை அகழ்ந்துகொண்டிருந்த தன் நண்பருக்கு அவரே என்னைப் பற்றி எழுதினார். மெசொப்பொத்தேமியாவோடு வியாபாரம் செய்த ஊர் அது. யூப்ரடீஸ் கரை ஓடுகளை அடையாளம் காட்ட ஆள் தேவைப்பட்டது. குளிர்காலம் முழுதும் வேலை.

போவதா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார். "எப்போ கெளம்பற?"

"நீங்க?"

"எனக்கு இந்தம்மா இருக்காங்க. கதவு தொறந்திருக்குது. போ."

ஆட்டுக்கார அம்மாள் வாசல் வரை பெட்டியைக் கொண்டுவந்தாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். தட்டுகிற சத்தம் வரும் என்று முதுகு எதிர்பார்த்துக்கொண்டே வந்தது.

குஜராத்தில் முதல்நாள் ஆழக்குழிக்குள் இறங்கச் சொன்னபோது என்னால் முடியவில்லை. ஏணியில் பாதியில் நின்றுவிட்டேன். மறுநாளும் நின்றேன். ஏணியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு மூன்றாம் நாள் இறங்கினேன். இன்றுவரைக்கும் அப்படித்தான் இறங்குகிறேன்.

அப்பா என் இரண்டாவது குளிர்காலத்தில் இறந்தார். தந்தி கிடைத்து நான் வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஆட்டுக்கார அம்மாள் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைக் கேட்டாரா, ஏதாவது சொன்னாரா என்று விசாரித்தேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள். "காபி ஆறிப்போச்சுன்னு கோவிச்சிக்கிட்டாரு. சூடு பண்ணி எடுத்தாறதுக்குள்ள கண்ண மூடிட்டாரு. அவ்ளோதான்."